உஷார்! தலைக்கு மேலே துருப்பிடிக்கிறது

உங்கள் வீட்டுத் தளத்தின் அடியில் காரை பெயர்ந்திருக்கிறதா? உள்ளே கம்பி தெரிகிறதா? அந்த இடத்துக்கு நேர் கீழே கட்டில் கிடக்கிறதா?

அப்படியானால் இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே எழுந்து போய்க் கட்டிலை நகர்த்திப் போடுங்கள். தொட்டில் என்றால் இன்னும் சீக்கிரம். மற்றதைப் பிறகு பேசலாம்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆமாம், பயமுறுத்தத்தான் செய்கிறேன். பயப்பட வேண்டிய விஷயம் இது. ஐந்து அங்குலத் தடிமன் உள்ள காங்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ எடை. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் மூன்றரை டன். மேலே பதித்த தட்டோடு, சுண்ணாம்பு ஜல்லி, தண்ணீர்த் தொட்டி எதையும் இதில் சேர்க்கவில்லை. முழுத் தளமும் விழ வேண்டாம். அடிப்பக்கத்தில் ஓர் அங்குலத் தடிமனில் ஒரு சதுர அடி மட்டும் பெயர்ந்தால்கூட ஐந்தரை கிலோ. எட்டடி உயரத்திலிருந்து அது தூங்குகிறவர் மேல் விழுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இந்த இடத்தைக் கொஞ்சம் பூசி விடுங்க" என்கிறோம். அதோடு நிம்மதியாகப் படுக்கப் போகிறோம்.

பூசுவது மருந்து இல்லை. மூடி மறைப்பது!

சென்னையை ஒட்டிய கடலோரத்தில் ஒரு குடும்பம். பெயர் சொல்ல முடியாது. "எங்க பேரைப் போட்டுடாதீங்க, நாளைக்கு வீட்டை விக்கணும்னா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க" என்று அந்த அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். எண்பதுகளில் அவருடைய மாமனார் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. ஒரு மழைக்காலத்தில் படுக்கையறை மூலையில் பழுப்பாக ஒரு கறை. அடுத்த வருஷம் அதே இடத்தில் காரை உதிர்ந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி ஒன்று எட்டிப் பார்த்தது.

வந்த மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லக்கா, காரை வுட்டுருக்கு. கொத்திட்டுப் பூசிட்டா சரியாயிடும்" என்றார். பூசினார். வெள்ளை அடித்தார்கள். பளிச்சென்று ஆகிவிட்டது.

இரண்டு மழை தாண்டியது. பூசிய இடம் அப்படியே இருக்க, அதை ஒட்டி வேறோர் இடம் உப்பிக்கொண்டு விழுந்தது. மறுபடி பூச்சு. அப்புறம் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அண்ணாந்து பார்த்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். மூலைக்கு மூலை விளக்கு. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

அதன் பிறகு அந்தத் தளத்தை யாருமே பார்க்கவில்லை. பார்க்க வழியில்லை!

கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி, மேலே ஏதோ முறிகிற மாதிரி சத்தம். எலி ஓடுகிறது என்று நினைத்திருக்கிறார்கள். விடிவதற்குள் பலகையும் காங்கிரீட்டும் சேர்ந்து மாமனார் மேல் விழுந்தன. தோள்பட்டை எலும்பு முறிவு, விலா எலும்பில் விரிசல். எண்பதை நெருங்கிய மனிதர். பிழைத்தார், அது கடவுள் புண்ணியம். ஆனால் இன்றுவரை கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை.

பிறகுதான் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். அவர் மிச்சப் பலகைகளைக் கழற்றச் சொன்னார். மூலை மட்டுமா? அறை முழுக்க அடிக் காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்து தொங்கியது. எட்டு மில்லி மீட்டர் கம்பி சில இடங்களில் கையால் ஒடிக்கிற அளவுக்கு இளைத்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "வீடு கட்டும்போது எந்தத் தண்ணி ஊத்தினீங்க?"

மாமனார் படுக்கையிலிருந்தபடி சொன்னார்: "வீட்டுக் கிணத்துத் தண்ணிதான். கொஞ்சம் உப்புக் கரிக்கும்."

பதில் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. உப்பு! பிறந்த நாளிலிருந்தே அந்தத் தளத்துக்குள் உப்பு இருந்திருக்கிறது. பூசப் பூசத் தீராத நோய் அது. கடைசியில் தளம் முழுவதையும் இடித்துப் புதிதாகப் போட வேண்டியதாகிவிட்டது. மாதக்கணக்கில் வாடகை வீட்டில் இருந்தார்கள்.

இது எங்கேயோ நடந்த அதிசயம் என்று தள்ளிவிடாதீர்கள். 2017 அக்டோபர் 20 நினைவிருக்கிறதா? அதிகாலை நேரம். பொறையார் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பழைய கட்டடத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. ஓய்வறையில் தூங்கிக்கொண்டிருந்த எட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலை முடித்து அசதியில் படுத்தவர்கள். எழுந்து வீட்டுக்குப் போகவே இல்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். 2021 டிசம்பர் 27. திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள் மொத்தமாகச் சரிந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஏன் தெரியுமா? விரிசலைப் பார்த்ததும் குடியிருந்தவர்கள் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். சாமான் போனது, வீடு போனது. ஆள் பிழைத்தது. கட்டடம் எச்சரித்தது, அவர்கள் கேட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்ளே என்ன நடக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அது கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். அந்தப் படலம் இருக்கும்வரை கவலையில்லை.

அதை இரண்டு பகைவர்கள் அழிக்கிறார்கள். ஒன்று, காற்றில் இருக்கும் கரியமில வாயு. அது வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைக்கிறது. கம்பிக்குக் கீழே போதுமான காங்கிரீட் இல்லையென்றால் சீக்கிரமே கம்பியைத் தொட்டுவிடும். கம்பிக்குக் கீழே இருக்கும் இந்தக் காங்கிரீட் தடிமனைத்தான் கட்டடக்காரர்கள் 'கவர்' என்பார்கள். தளத்துக்குப் பொதுவாக 20 மில்லி மீட்டர் கவர் வேண்டும், கடலோரம் என்றால் இன்னும் அதிகம் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 456. நம் பழைய வீடுகள் பலவற்றில் கவர் பிளாக் வைக்கும் வழக்கமே இல்லை. சென்ட்ரிங் பலகைமேல் கம்பியை அப்படியே கிடத்திக் காங்கிரீட் கொட்டியிருப்பார்கள். பலகையைப் பிரித்ததும் கம்பியின் தடம் வெளியே தெரியும். அதன்மேல் ஒரு பூச்சு. முடிந்தது வேலை.

இரண்டாவது பகைவன் உப்பு. உப்புத் தண்ணீர், கழுவாத கடல் மணல், கடல் காற்று, எந்த வழியில் வந்தாலும் அது காப்புப் படலத்தைத் துளைத்துவிடும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாத இடத்தில் அது உப்புகிறது. காங்கிரீட் வெடிக்கிறது. விரிசல் வழியாக இன்னும் தண்ணீர் இறங்குகிறது. இன்னும் துரு.

இந்தக் கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். எட்டு மில்லி மீட்டர் கம்பி துருவில் இளைத்து ஆறு மில்லி மீட்டர் ஆனால், பார்வைக்கு 'கொஞ்சம்தானே' என்று தோன்றும். ஆனால் கம்பியின் பலத்தில் நூற்றுக்கு 44 பங்கு போய்விட்டது! கிட்டத்தட்டப் பாதிக் கம்பி இல்லை. அதன் மேல்தான் உங்கள் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள்.

இந்த அறிகுறிகள் இருக்கின்றனவா? இன்றே அண்ணாந்து பாருங்கள்!

நேர்கோட்டில் ஓடும் விரிசல். இதுதான் முதலாவது. பூச்சு காய்ந்து வரும் விரிசல் சிலந்தி வலை மாதிரி கண்டபடி இருக்கும், அதற்குப் பயமில்லை. ஆனால் சமமான இடைவெளியில், கோடு போட்ட மாதிரி, வரிசை வரிசையாக விரிசல் தெரிந்தால் ஒவ்வொரு கோட்டுக்கு மேலும் ஒரு கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

துருக் கறை. தண்ணீர்க் கறை மங்கலான மஞ்சளாக, விளிம்பு தெரிகிற வட்டமாக இருக்கும். துருக் கறை செங்காவி நிறத்தில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் ஈரம் என்றால் மேலே ஒழுக்கை அடைத்தால் போதலாம். காவி இறங்கிவிட்டால் பேச்சு வேறு.

பொள்ளல் சத்தம். ஒரு நீளக் கம்பால், ஓரமாக நின்றுகொண்டு தளத்தின் அடியை மெல்லத் தட்டுங்கள். நேர் கீழே நிற்கக் கூடாது! கெட்டியான காங்கிரீட் 'டங்' என்று சொல்லும். பிரிந்துவிட்ட காங்கிரீட் 'தொப்' என்று சொல்லும். வெளியே கீறல்கூட இருக்காது, வெள்ளையடித்த தளம் அழகாக இருக்கும், ஆனால் 'தொப்' என்று கேட்கும். அது விழக் காத்திருக்கும் இடம்.

தொய்வு. தளம் நடுவில் இறங்கியிருந்தால் கதவு திடீரென்று நிலையில் உரசும். ஜன்னல் கண்ணாடி காரணமில்லாமல் கீறல் விடும். மொட்டை மாடியில் முன்னே வடிந்த தண்ணீர் இப்போது நடுவில் குளம் கட்டும். "வாட்டம் சரியில்லை" என்று மேலே சிமென்ட் போட்டு மட்டப்படுத்தாதீர்கள்! வாட்டம் கெட்டதா, தளமே இறங்கிவிட்டதா என்று முதலில் நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கிய தளத்தின் மேல் இன்னும் பாரம் ஏற்றுவது கொலைபாதகம்.

ராத்திரியில் முறிகிற சத்தம், தரையில் காலையில் மணல் மணலாகத் துகள், மின்விசிறி மாட்டிய கொக்கியைச் சுற்றி வட்ட விரிசல். இவை எல்லாம் கடைசிக் கட்டம். அந்த அறையில் அதற்கப்புறம் யாரும் படுக்கக் கூடாது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சன்ஷேடும் பால்கனியும்! தளத்துக்கு முக்கியமான கம்பி அடியில் இருக்கும். அதனால் துருவேறினால் வீட்டுக்குள்ளிருந்தே நமக்குத் தெரியும். ஆனால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடுக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம். மேலே தண்ணீர் தேங்கி, குப்பை மக்கி, அரசங்கன்று முளைத்துக் கிடக்கும். கம்பி போய்க்கொண்டே இருக்கும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பெயிண்டர் கால் வைப்பார், அல்லது ஏ.சி. மாட்ட வந்த பையன் ஏறி உட்காருவான். முன்னறிவிப்பே இல்லாமல் ஒட்டுமொத்தமாகச் சுவரோரம் ஒடிந்து விழும். சன்ஷேடின் மேல்பக்கத்தில், சுவரை ஒட்டி ஒரு விரிசல் நீளமாக ஓடுகிறதா என்று ஏணி போட்டுப் பாருங்கள். சன்ஷேடு மேல் ஏறிப் பார்க்காதீர்கள்!

சரி, பழுது பார்ப்பதா? இடித்துப் போடுவதா?

எல்லோரும் என்னிடம் கேட்பது இதுதான். ஒழுகலின் அளவை வைத்து முடிவு செய்கிறார்கள். அது தவறு. வாளி வாளியாக ஒழுகும் தளம் பலமாக இருக்கலாம். ஒரு சொட்டுகூட ஒழுகாத தளம் உள்ளே செத்திருக்கலாம். முடிவைக் கம்பியிடம் கேளுங்கள். கம்பி எவ்வளவு இளைத்திருக்கிறது, எத்தனை இடத்தில், எதனால்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

காரணம் வெளியிலிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் பழுது பார்த்தால் போதும். மேலே தொட்டிக் குழாய் கசிகிறது, குளியலறைத் தரை ஒழுகுகிறது, தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டது; அதனால் ஒரு மூலை மட்டும் கெட்டிருக்கிறது, மற்ற இடமெல்லாம் தட்டினால் 'டங்' என்கிறது. அந்தத் தளத்தை இடிக்கச் சொல்லி யாராவது வந்தால் அவரையும் நம்பாதீர்கள். பயத்தைக் காட்டிப் பெரிய வேலை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

காரணம் உள்ளேயே இருக்கிறது என்றால், ஒட்டுப் போட்டுத் தப்ப முடியாது. அந்த அக்கா வீட்டில் பூசிய இடம் நிற்க, பக்கத்து இடம் விழுந்ததே, அது தற்செயல் இல்லை. உப்பேறிய தளத்தில் ஓர் இடத்தை மட்டும் புதுக் கலவையால் சரி செய்தால், அந்த இடத்துக் கம்பி பாதுகாப்பாகிவிடும். ஆனால் அதை ஒட்டிய பழைய இடத்தில் துரு முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். மின்வேதியியல் அப்படி. ஒட்டுக்குப் பக்கத்தில் ஒட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று வாழ்நாள் முழுக்கப் பூசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அறை முழுக்க 'தொப்' சத்தம், கம்பி பல இடத்தில் கால் பங்குக்கு மேல் இளைப்பு, தளம் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருப்பது. இவற்றோடு கட்டியபோது ஊற்றியது உப்புத் தண்ணீர் என்றும் தெரிந்தால், இடிப்பதைப் பற்றித்தான் பேச வேண்டும். பழுது பார்க்கக் கேட்கும் தொகை புதுத் தளம் போடும் செலவில் பாதியைத் தாண்டினாலும் புதிதாகப் போடுவதே மேல். இது என் அபிப்பிராயம் மட்டுமில்லை. அனுபவப்பட்ட பொறியாளர்கள் பலரும் சொல்லும் தோராயக் கணக்கு.

ஆகவே வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர்? மணல் எங்கிருந்து வந்தது? தளம் போட்டு எத்தனை நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள்? அவர்கள் ஞாபகத்தில் இருப்பது எந்த ஆவணத்திலும் கிடையாது.

யாரிடம் காட்டுவது? பூசுகிறவரிடம் 'பூசினால் போதுமா' என்று கேட்காதீர்கள். வாட்டர்புரூஃபிங் விற்கிறவரிடம் 'வாட்டர்புரூஃபிங் போதுமா' என்று கேட்காதீர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் கையில் இருக்கும் வேலையைத்தான் அவரவர் சொல்வார்கள். வேலை எடுக்காத, பார்த்துச் சொல்வதற்கு மட்டும் கட்டணம் வாங்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும். சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இந்தச் சோதனைகளைக் கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள்.

அந்த இன்ஜினியர் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் அழுத்திக் காங்கிரீட்டின் கெட்டியைப் பார்ப்பார். ஒலி அலையை அனுப்பி உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். ஓர் இடத்தில் புதிதாக உடைத்து ஃபினாப்தலீன் என்ற மருந்தைத் தெளிப்பார். காரம் உயிரோடு இருக்கும் இடம் அடர் ரோஜா நிறமாக மாறும். காரம் செத்த இடம் நிறமே மாறாது. அந்த நிறமில்லாத பகுதி கம்பிவரை போய்விட்டதா என்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம்! காங்கிரீட் தூளில் உப்பு எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியைச் சுரண்டித் தடிமன் அளக்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு விலை சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

பழுது பார்ப்பது என்று முடிவானால், அது பூச்சு வேலை இல்லை. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். சென்ட்ரிங்காரர்களிடம் இருக்கும் இரும்பு முட்டுகளை நிறுத்தாமல் காங்கிரீட்டைக் கொத்த விடாதீர்கள், தளம் வேலைக்காரர் தலையில் இறங்கிவிடும். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். பிரிந்த காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியில் துருவே இல்லாமல் பளபளவென்று தேய்க்க வேண்டும். ரொம்ப இளைத்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். துரு தடுக்கும் பூச்சு, பிறகு பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான கலவை, பிறகு பாலிமர் கலந்த மோர்ட்டார். துருவைத் தேய்க்காமல் அதன் மேலேயே சிமென்ட் அப்புகிறாரா? நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் காசு அப்படியே போச்சு. மேலே ஒழுக்கை அடைக்காமல் கீழே வேலை செய்தாலும் அதே கதிதான்.

புதுத் தளம் என்றால், சுவர் தாங்குமா என்பதை முதலில் பாருங்கள். பழைய சுவர், பழைய லின்டல், எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், உள்ளாட்சி அலுவலகத்திலும் கேளுங்கள். ஊற்றும் தண்ணீரை இந்த முறை சோதித்து ஊற்றுங்கள். கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் குனிந்து பாருங்கள். முட்டுகளை அவசரமாகப் பிரிக்க விடாதீர்கள். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். அடுத்த சைட்டுக்குச் சாமான் வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் கேட்பார். கொடுக்காதீர்கள்!

காங்கிரீட் வீடு இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கம்பி கிடையாது, மர உத்தரமும் கட்டைகளும் செங்கலைத் தாங்குகின்றன. அங்கே நோய் வருவது கட்டையின் நுனியில், சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதியில். நடுவில் பார்த்தால் தேக்கு வைரம் மாதிரி இருக்கும். சுவருக்குள் ஈரமும் கரையானும் சேர்ந்து மாவாக்கியிருக்கும். கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் சுவரோரம் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெண்ணெய் மாதிரி இறங்கினால் உடனே முட்டு. இந்த மாதிரித் தளத்தின் மேல் காங்கிரீட் போட்டுக் கெட்டிப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், அந்தப் பாரத்தைச் சுமக்கிற கட்டை ஏற்கெனவே போய்விட்டது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால், பழைய ஷீட்டின் மேல் ஏறி நடக்கவே கூடாது, பப்படம் மாதிரி உடையும். ரம்பத்தால் அறுக்கவும் உடைக்கவும் கூடாது. அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும்.

மேலே ஏற்றும் பாரத்தையும் கொஞ்சம் நினையுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் சுமை ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோதான். தொட்டியைத் தளத்தின் நடுவில் வைத்திருந்தால் சுவருக்கு மேலே மாற்றுங்கள். துருவேறிய தளத்தின் மேல் மாடித் தோட்டம் வேண்டாம், அறை எழுப்புவது வேண்டவே வேண்டாம்.

வாடகைக்கு இருக்கிறீர்களா? 'வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்' என்று இருக்காதீர்கள். கீழே படுப்பது நீங்கள். போட்டோ எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் அனுப்புங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்ட பழைய வீட்டை வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்குமுன் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தளத்தைக் கொத்தி, தேய்த்து, காயவிட்டுச் செய்கிற வேலைக்கு மாசி முதல் வைகாசி வரைதான் தோதான காலம். மழை தொடங்கிய பிறகு தேடினால் நல்ல ஆளும் கிடைக்க மாட்டார், வேலையும் ஒட்டாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வோர் அறையையும் தட்டிப் பாருங்கள். எங்கேயாவது 'தொப்' என்று கேட்டால், அங்கே படுப்பதை அன்றோடு நிறுத்திவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.